செத்துப் பிழைத்த ஐசி

பதினான்கு கால்கள் இருக்க வேண்டிய உடம்பில் எட்டே கால்கள். ஒவ்வொரு பக்கத்திலும் இரு முனைகளில் இரண்டிரண்டு, நடுவில் மொட்டை. எம்.என். 3005 என்ற அந்த ஐசியை ஒருமுறை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். ஜப்பானின் மட்சுஷிடா நிறுவனம், பானசோனிக் என்றால்தான் நமக்குச் சட்டென்று புரியும், 1970களின் பிற்பகுதியில் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. கிட்டாருக்காக மட்டும் பிறந்ததல்ல அது. ஆனால் அதன் உற்பத்தி நின்றபோது அதிகம் தவித்துப்போனவர்கள் கிட்டார்காரர்கள்தாம். இன்று, கடையில் கிடைக்காமல் போன பழைய டிலே பெடல்களை அச்சு அசலாகத் திரும்பச் செய்துபார்க்கும் ஆட்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். அவர்களின் நகல் எப்படிப் பிறந்தது என்று சொல்ல வேண்டுமானால், இந்த ஐசி பிறந்து, செத்து, மறுபடி பிறந்ததைச் சொல்லியாக வேண்டும்.

டிலே பெடலின் வேலை எளிது. கிட்டாரில் ஒரு சுரம் வாசித்தால் அதைச் சற்று நேரம் பிடித்துவைத்து, பிறகு திருப்பிச் சொல்லும். திருப்பிச் சொன்னதில் கொஞ்சத்தை மறுபடி உள்ளே விட்டால் இரண்டாவது, மூன்றாவது எதிரொலி வரும். பிடித்துவைப்பதற்கு முதலில் கிடைத்த சாதனம் டேப். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்து அக்ரனில் மைக் பேட்டில் என்பவர் வடிவமைத்த எக்கோப்ளெக்ஸ் 1959இல் வந்தது. ஒரு தலை பதியும், இன்னொரு தலை படிக்கும், இரண்டுக்கும் நடுவில் டேப் ஓடுகிற நேரம்தான் தாமதம். இத்தாலியின் பின்சன் எக்கோரெக் டேப்புக்குப் பதில் காந்த உருளையைச் சுழற்றியது. 1974இல் ரோலண்டின் ஆர்.இ-201 ஸ்பேஸ் எக்கோ வந்தது. இவை எல்லாமே அருமையாக ஒலித்தன, எல்லாமே கனத்தன. டேப் தேயும், மோட்டார் வேகம் ஆடும், தலையைத் துடைக்க வேண்டும். ஊர் ஊராய்க் கச்சேரிக்குப் போகிறவர்களுக்கு இது பெரும் ரோதனை.

அசையும் பாகமே இல்லாமல் ஒலியைத் தாமதப்படுத்தும் வழி 1969இல் நெதர்லாந்தின் பிலிப்ஸ் ஆய்வுக்கூடத்திலிருந்து வந்தது. சாங்ஸ்டர், டீர் என்ற இரு பொறியாளர்கள் அதை வெளியிட்டார்கள். தீப்பிடித்த வீட்டுக்கு ஆட்கள் வரிசையாக நின்று வாளியை ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்கு மாற்றுவார்கள் அல்லவா, அதுதான் உத்தி. ‘பக்கெட் பிரிகேட்’ என்று பெயரே வைத்துவிட்டார்கள். வாளியின் இடத்தில் துளித் துளியான கெபாசிட்டர்கள். தண்ணீரின் இடத்தில் மின்னூட்டம். கடிகாரத் துடிப்பு ஒவ்வொன்றுக்கும் மின்னூட்டம் ஓர் இடம் நகரும். ஒரு முனையில் நுழைந்த ஒலி, எத்தனை இடங்கள் உண்டோ அத்தனையையும் கடந்து, மறுமுனையில் வெளியே வரும். எண்ணாக மாற்றுவது, நினைவகம் என்ற பேச்சே இங்கில்லை. ஒலி அலையின் உயரம் எவ்வளவோ, அவ்வளவு மின்னூட்டம் அப்படியே நகர்கிறது.

அதே 1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பாய்ல், ஸ்மித் என்ற இருவர் இதற்கு நெருங்கிய உறவான சி.சி.டி.யைக் கண்டுபிடித்தார்கள். அது கேமராவுக்குள் போய்ப் படம் பிடித்தது, 2009இல் இயற்பியல் நோபலையும் வாங்கிக்கொடுத்தது. பிலிப்ஸ் பிள்ளையோ கிட்டார்காரர்களின் காலடிக்குப் போனது. எந்தப் பரிசும் கிடைக்கவில்லை என்றாலும், சந்தோஷமாக வாழ்ந்தது அதுதான் என்று எனக்கு ஒரு நினைப்பு.

எம்.என். 3005இல் 4,096 இடங்கள். ஒரு முழுத் துடிப்புக்கு இரண்டு இடம் என்ற கணக்கில் நகர்வதால், கடிகாரம் நொடிக்கு ஒரு லட்சம் முறை துடித்தால் தாமதம் 20.48 மில்லிநொடி. பத்தாயிரம் முறையாகக் குறைத்தால் 204.8 மில்லிநொடி. தயாரிப்பாளரின் விவரத்தாள் இந்த இரண்டு எல்லைக்குள்தான் பயன்படுத்தச் சொல்கிறது. அமெரிக்காவில் ரெட்டிகான் நிறுவனமும் எஸ்.ஏ.டி-1024 முதலான ஐசிகளைச் செய்தது. ஆனால் ஒரே ஐசியில் இத்தனை இடத்தை ஓரளவு அமைதியாகக் கொடுத்து, பெடல் செய்கிறவர்களின் விருப்பத்துக்குரியதாக நின்றது மட்சுஷிடாவின் குடும்பம்தான்.

நியூயார்க்கில் மைக் மேத்யூஸ் 1968இல் தொடங்கிய எலெக்ட்ரோ-ஹார்மோனிக்ஸ், 1970களின் நடுவில் மெமரி மேன் என்ற டிலேயை வெளியிட்டது. சீக்கிரமே ஹோவர்ட் டேவிஸ் வடிவமைத்த டீலக்ஸ் மெமரி மேன் வந்தது. எதிரொலியின் சுருதியை லேசாக ஆட்டும் கோரஸ், வைப்ரேட்டோ வசதி அதில் உண்டு. யூ2 குழுவின் எட்ஜ் 1980இல் வந்த ‘பாய்’ தொகுப்பில் வாசித்தது இந்தப் பெட்டி வழியாகத்தான். ஜப்பானில் ரோலண்டின் கிளையான பாஸ் நிறுவனம் 1978இல் டி.எம்-1ஐயும், 1981இல் உள்ளங்கையளவு டி.எம்-2வையும் கொண்டுவந்தது. நகலெடுப்பவர்கள் இன்று தொழுவது பெரும்பாலும் டீலக்ஸ் மெமரி மேனையும் டி.எம்-2வையும்தான்.

தொடக்க கால டி.எம்-2இன் உள்ளே ஒரே ஒரு எம்.என். 3005. ஆனால் அதன் அதிகபட்சத் தாமதம் 300 மில்லிநொடி. மேலே சொன்ன கணக்கைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள்: 300 மில்லிநொடி வேண்டுமானால் கடிகாரம் நொடிக்கு ஏறக்குறைய 6,800 முறை மட்டுமே துடிக்க வேண்டும். விவரத்தாள் சொன்ன பத்தாயிரத்துக்கு வெகு கீழே. பாஸ் பொறியாளர்கள் எல்லையைத் தெரிந்தே தாண்டியிருக்கிறார்கள். விளைவு? கடிகாரத்தின் பாதி வேகத்துக்கு மேலுள்ள ஒலியை இந்த வரிசையால் சரியாகக் கடத்த முடியாது. 3,400 ஹெர்ட்ஸுக்கு மேல் போன ஒலி உள்ளே நுழைந்தால் திரிந்து வேறு சுரமாய் வெளியே வரும். போதாக்குறைக்கு 6,800 ஹெர்ட்ஸ் என்பது காதுக்கே கேட்கும்; கடிகாரமே ‘கீ’ என்று கத்தும். ஆகவே ஐசிக்கு முன்னும் பின்னும் கனமான வடிகட்டிகளைப் போட்டு மேல் ஒலியை அறுத்தெறிந்தார்கள்.

இன்னொரு தொல்லை இரைச்சல். ஆயிரக்கணக்கான கைகள் மாறும்போது ஒவ்வொரு கையிலும் கொஞ்சம் சிந்தும். அதைச் சமாளிக்க என்.ஈ. 570 குடும்பத்து கம்பாண்டர் ஐசியைச் சேர்த்தார்கள். உள்ளே போகும்போது ஒலியின் ஏற்ற இறக்கத்தைப் பாதியாக அமுக்கும், வெளியே வரும்போது இரண்டு மடங்காக விரிக்கும். நடுவில் சேர்ந்த இரைச்சல், ஒலி அடங்குகிற இடங்களில், விரிப்பில் அமுங்கிப்போகும். ஆனால் இந்த அமுக்கலும் விரித்தலும் மிகச் சரியாக ஈடுகொடுப்பதில்லை. எதிரொலி லேசாக மூச்சு வாங்கும்.

இத்தனையும் சேர்ந்து என்ன ஆயிற்று? ஒவ்வொரு சுற்றிலும் எதிரொலி மங்கிக்கொண்டே போகும். முதல் எதிரொலியில் மந்தம், மூன்றாவதில் புகை, ஐந்தாவதில் நிழல். பொறியாளருக்கு இது தோல்வி, இசைக்காரருக்கு இது வரம். வாசிக்கிற சுரம் பளிச்சென்று முன்னால் நிற்கும். எதிரொலி அதற்கு இடைஞ்சல் பண்ணாமல் பின்னால் ஒதுங்கும். அசலுக்கு இணையான தெளிவோடு எதிரொலி வந்தால் இரண்டும் ஒன்றையொன்று முட்டிக்கொள்ளும். தடுக்க முடியாத குறையை மறைக்கப் போட்ட வடிகட்டியே பெடலின் குரலாகிவிட்டது.

இந்தக் குரலின் ஆயுள் அதிகமில்லை. 1983இல் பாஸ் நிறுவனமே டி.டி-2 என்ற டிஜிட்டல் டிலேயை, அதே சின்னப் பெட்டியில், 800 மில்லிநொடி தாமதத்தோடு வெளியிட்டது. தெளிவு, நீளம், அமைதி என எல்லாவற்றிலும் ஜெயித்தது. 1984இல் டி.எம்-2 நின்றது. அதற்குப் பின் வந்த டி.எம்-3உம் 1988இல் முடிந்தது. எலெக்ட்ரோ-ஹார்மோனிக்ஸும் 1980களின் முற்பாதியில் தொழிலாளர் பிரச்சினை, திவால் என்று படுத்துவிட்டது. மேத்யூஸ் ரஷ்ய வால்வுகளை விற்று மீண்டு, 1990களில் பழைய பெடல்களை மறுபடி செய்யத் தொடங்கினார். டீலக்ஸ் மெமரி மேனும் திரும்பியது. ஆனால் 1990களின் முடிவையொட்டி எம்.என். 3005இன் உற்பத்தியே நின்றுபோனது. அதை லட்சக்கணக்கில் வாங்கியிருக்கக்கூடிய தொழில்களெல்லாம் டிஜிட்டலுக்கு மாறிவிட்டன. கிட்டார்காரர்களை மட்டும் நம்பி ஒரு ஐசி ஆலையை ஓட்ட முடியாது.

அதையொட்டி, 1999இல் லைன் 6 நிறுவனம் டி.எல்-4 என்ற பச்சைப் பெட்டியைக் கொண்டுவந்தது. முழுக்க டிஜிட்டல். அதனுள்ளே இருந்தவை என்ன? எக்கோப்ளெக்ஸ், டீலக்ஸ் மெமரி மேன், டி.எம்-2 ஆகியவற்றின் போலிக் குரல்கள். தன்னால் ஒழிந்தவற்றின் குறைகளையே டிஜிட்டல் பாடம்பண்ணி ஒப்பிக்க ஆரம்பித்தது. அந்த மங்கலுக்கு ஆசைப்பட்டவர்கள் எத்தனை பேர் என்று அதிலிருந்தே ஊகிக்கலாம்.

நகலெடுப்பவர்கள் கையில் சோல்டரிங் அயர்னோடு உள்ளே வருவது இந்த இடத்தில். பழைய பெடல் ஒன்றைத் திறந்து, போர்டின் இரு பக்கத்தையும் படமெடுத்து, செம்புத் தடம் ஒவ்வொன்றும் எங்கிருந்து எங்கே போகிறது என்று மல்டிமீட்டரால் தொட்டுத் தொட்டுப் பார்த்து, காகிதத்தில் சர்க்யூட்டாக மாற்றுவார்கள். ரெசிஸ்டரின் நிறக்கோடுகளைப் படிக்கலாம். மதிப்பு அழிந்துபோன கெபாசிட்டரைக் கழற்றி அளக்க வேண்டும். நகலுக்குப் பயந்த சில தயாரிப்பாளர்கள் போர்டின் மேல் எபாக்சிப் பிசினை ஊற்றி மூடினார்கள். ஐசியின் எண்ணைச் சுரண்டி அழித்தவர்களும் உண்டு. பிசினைச் சூடு காட்டிச் சுரண்டியெடுக்கும் பொறுமைசாலிகளுக்கு இதெல்லாம் ஒரு பொருட்டாக இருக்கவில்லை. பாஸ், எலெக்ட்ரோ-ஹார்மோனிக்ஸ் போன்ற பெரிய பெயர்களின் சர்க்யூட்டுகளோ, பழுதுபார்ப்பவர்களுக்கென அச்சான சேவைக் குறிப்புகளிலும் கைமாறிய படிகளிலும் பெரும்பாலும் கிடைத்தே இருந்தன.

காகிதம் கிடைத்தது, ஐசி கிடைக்கவில்லை. ஓவர்டிரைவ் பெடலையோ பூஸ்டரையோ நகலெடுப்பவர் எந்தக் கடையிலும் கிடைக்கும் டிரான்சிஸ்டரை வைத்துச் சமாளிக்கலாம். டிலேயில் அந்த வழி அடைபட்டிருந்தது. பழைய இருப்பிலிருந்து எம்.என். 3005 ஒன்றைப் பிடித்தால் விலை ஏறிக்கொண்டே போனது. ஏறிய விலை போலிகளை அழைத்து வந்தது. வேறேதோ ஐசியின் மேல்பரப்பைத் தேய்த்துக் கறுப்புப் பூசி, புதிதாக எண்ணை அச்சடித்து விற்றார்கள். அசிட்டோன் தொட்டுத் தேய்த்தால் கறுப்பு கையோடு வரும். பெடலையே முழுதாய்க் கட்டி முடித்து, பவர் கொடுத்த பிறகு எதிரொலி வராமல் உட்கார்ந்திருந்த பலருக்குக் காரணம் இதுதான்.

ஐசியைச் சுற்றிச் செல்ல ஒரு மாற்றுப் பாதை தைவானிலிருந்து வந்தது. பிரின்ஸ்டன் டெக்னாலஜி செய்த பி.டி. 2399 என்ற கரோக்கே எக்கோ ஐசி. ஒலியை எண்ணாக்கி, 44 கிலோபிட் நினைவகத்தில் வைத்து, திரும்ப ஒலியாக்கும், டிஜிட்டல்தான். ஆனால் தாமதம் 300 மில்லிநொடியைத் தாண்டும்போது இரைச்சலும் மங்கலும் ஏறிக்கொண்டே போகும். அந்த மங்கலுக்கு வடிகட்டி வைத்தால் காதுக்கு ஏறக்குறைய பழைய டிலே மாதிரியே ஒலிக்கிறது! மிக மலிவு, ஒற்றை ஐசி, ஐந்து வோல்ட். சென்னை ரிச்சி தெருவில் மைக்குக்கு எக்கோ போர்டு கேட்டால் இதை வைத்த போர்டு கிடைக்கும். திருவிழா மைக்செட்டில் அறிவிப்பாளரின் குரல் நீண்டு ஒலிப்பதும், வெளிநாட்டு ‘பூட்டிக்’ பெடல் ஒன்று பெரிய விலைக்கு விற்பதும் ஒரே ஐசியின் தயவில் நடப்பதுண்டு. இதைச் சொன்னால் பெடல் சேகரிப்பவர்களுக்குக் கோபம் வரும், ஆனால் உண்மை.

அசல் வாளி வரிசையும் திரும்பியது. சீனாவில் ஷாங்காய் பெல்லிங், மட்சுஷிடாவின் குறைந்த வோல்டேஜ் 3200 வரிசையை ஒத்த பி.எல். 3207, பி.எல். 3208 ஐசிகளைச் செய்தது. பெரிங்கர் குழுமத்தைச் சேர்ந்த கூல்ஆடியோ வி 3205, வி 3207 என்று கொண்டுவந்தது. கேட்டால் கிடைக்கும் என்ற நிலை வந்ததும் பெடல்கள் வரிசைகட்டின. எம்.எக்ஸ்.ஆர் 2008இல் கார்பன் காப்பி என்ற புதிய அனலாக் டிலேயை 600 மில்லிநொடியோடு வெளியிட்டது. 2014இல் பாஸ் நிறுவனமே தன் பழைய டி.எம்-2வை டி.எம்-2 டபிள்யூ என்று வாஸா கிராப்ட் வரிசையில் மறுபிறவி எடுக்க வைத்தது. பழைய 300 மில்லிநொடி ஒரு பக்கம், சற்றுத் தெளிவான 800 மில்லிநொடி இன்னொரு பக்கம். நடுவில் ஒரு சுவிட்ச். அதற்குச் சில ஆண்டுகள் கழித்து எக்ஸ்வைவ் நிறுவனம் எம்.என். 3005 என்ற பழைய எண்ணிலேயே அந்த ஐசியைப் புதிதாகச் செய்து விற்றது. முனைக்கு இரண்டிரண்டாக, எட்டே கால்கள். டீலக்ஸ் மெமரி மேனை வடிவமைத்த ஹோவர்ட் டேவிஸின் கையும் அந்த நிறுவனத்தின் அனலாக் டிலே பெடலில் உண்டு. தன் பிள்ளைக்குத் தானே நகலெடுக்கும் வாய்ப்பு எல்லா வடிவமைப்பாளருக்கும் அமைவதில்லை.

இதெல்லாம் திருட்டு இல்லையா என்று கேட்பவர்கள் உண்டு. சட்டம் இதில் பல துண்டுகளாக நிற்கிறது. சர்க்யூட்டின் புதுமைக்குக் காப்புரிமை இருந்திருந்தால் அதன் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. ஐசியின் உள் அமைப்புக்கு அமெரிக்காவின் 1984ஆம் ஆண்டுச் சட்டமும், இந்தியாவின் 2000ஆம் ஆண்டுச் சட்டமும் பத்தாண்டுப் பாதுகாப்பு கொடுக்கின்றன. ஆனால் பெயரும் முகமும் அப்படிக் காலாவதி ஆவதில்லை. 2005இல் ரோலண்ட், தன் பாஸ் பெடல்களின் தோற்றத்தைக் காப்பியடித்ததாக பெரிங்கர் மீது அமெரிக்காவில் வழக்குப் போட்டது. சண்டை உள்ளே இருந்த சர்க்யூட்டைப் பற்றியதாக இல்லை. வெளியே தெரிந்த பெட்டியைப் பற்றியது. பெரிங்கர் பெட்டியின் தோற்றத்தை மாற்றியது, வழக்கு சமரசத்தில் முடிந்தது. அந்தக் கோடு நியாயமானதென்றே எனக்குப் படுகிறது. செய்தவரே கைவிட்ட சர்க்யூட்டைச் செய்து பார்ப்பதில் யாருக்கும் நஷ்டமில்லை. அடுத்தவன் பெயரை ஒட்டி விற்பது மட்டும் ஏமாற்று.

‘அச்சு அசல்’ என்று விளம்பரம் செய்வதும் எனக்கு ஒப்புதல் இல்லாதது. எதற்கு அசல்? டி.எம்-2இன் முதல் தொகுதிகளில் எம்.என். 3005 இருந்தது. பிற்காலத் தொகுதிகளில் அதே பெயர்ப் பெட்டிக்குள் எம்.என். 3205 வந்துவிட்டது. இரண்டுக்கும் குரல் வேறு என்று சத்தியம் செய்பவர்கள் உண்டு. ஒரே தொகுதியின் இரண்டு பெடல்களும்கூட ஒன்றுபோல் ஒலிக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை. உள்ளே குட்டிக் குட்டி டிரிம்பாட்டுகள் இருக்கின்றன. ஐசிக்குச் சரியான நடு வோல்டேஜைக் கொடுக்க ஒன்று, கடிகாரச் சத்தத்தை அடக்க ஒன்று, எதிரொலி எத்தனை முறை சுழலும் என்பதற்கு ஒன்று என்று வேலைகள். 1982இல் ஜப்பானிய ஆலையில் யாரோ ஒருவர் ஸ்க்ரூடிரைவரால் திருப்பிய நிலை, நாற்பது ஆண்டு கெபாசிட்டர் கிழடுதட்டிய பிறகு, இன்று அதே நிலையாகவா இருக்கும்? நகலெடுப்பவர் கேட்டு மயங்குவது பிறந்த பெடலின் குரலையா, வயதான பெடலின் குரலையா என்பதே சந்தேகம். கிழடுதட்டியதையும் சேர்த்தே நகலெடுக்க ஆசைப்படுகிறார்கள்; எக்கோப்ளெக்ஸ் இ.பி-3 இருந்தால் எக்கோவை அணைத்துவிட்டு அதன் முன்பெருக்கி வழியாக மட்டும் வாசித்தவர்களும், அந்த முன்பெருக்கியை மட்டும் தனிப் பெடலாகச் செய்து விற்பவர்களும் இருக்கிறபோது இதில் ஆச்சரியமில்லை.

நீங்களே ஒன்று செய்து பார்க்க நினைத்தால் ஒரு வார்த்தை. முதல் முயற்சிக்கே எம்.என். 3005 தேடி அலையாதீர்கள். மலிவாகக் கிடைத்தால் நிச்சயம் வாங்காதீர்கள். பி.டி. 2399 வைத்து ஒன்று கட்டுங்கள். கை பழகிய பிறகு வி 3205 அல்லது எக்ஸ்வைவ் ஐசிக்குப் போங்கள். அப்போது ஆஸிலோஸ்கோப் ஒன்றை யாரிடமாவது கடன் வாங்கிக்கொள்ளுங்கள். நடு வோல்டேஜ் டிரிம்பாட்டை வெறும் காதை நம்பித் திருப்பினால் எதிரொலி கரகரவென்று கிழியும், குற்றம் ஐசி மேல் விழும்.